காக்கிச் சட்டையும் சிடி133-உம்: குடல் புற்றின் ஸ்டெம் செல் மார்க்கர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அக்கா ஒருவர் போன வாரம் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். "இன்னாம்மா இது, ட்யூமர் மார்க்கர்னு போட்டுக்கீது. ஸ்டெம் செல்லு ஜாஸ்தியாய்ட்சா?" வீட்டுக்காரருக்குப் பெருங்குடல் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். 'புற்றுக்கு வேரே ஸ்டெம் செல்தான்' என்று யாரோ யூட்யூபில் பேசியதைக் கேட்டு, தூக்கம் போய் வந்திருந்தார். ஸ்டெம் செல் என்பது தன்னையும் பெருக்கி, மற்றச் செல்களையும் உண்டாக்கும் மூலச் செல்; புற்றில், கட்டியைத் தொடங்கும் செல்லை அப்படிச் சொல்வார்கள். தாளில் இருந்தது சிஇஏ.

முதல் தவறு இதுதான், மார்க்கர் என்ற பெயர் கொண்டதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. சிஇஏ 1965-இல் கண்டறியப்பட்ட புரதம். ரத்தத்தில் அளந்து, சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க உதவும். பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்குப் புற்று இல்லாமலேயே கொஞ்சம் ஏறியிருக்கலாம். சிடி133, சிடி44, எல்ஜிஆர்5 என்று ஆய்வாளர்கள் சொல்லும் ஸ்டெம் செல் மார்க்கர்கள் வேறு. அவை கட்டியிலிருந்து எடுத்த செல்களில் தேடப்படும் புரதங்கள். பரவிய குடல் புற்றுக்கு மருந்து தேர்ந்தெடுக்க டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பது கேஆர்ஏஎஸ், என்ஆர்ஏஎஸ், பிஆர்ஏஎஃப் மரபணுக்களையும் எம்எஸ்ஐ நிலையையும் (செல்லின் டிஎன்ஏ பிழைதிருத்தம் கெட்டிருக்கிறதா என்பதை). சிடி133 அந்த வரிசையில் இல்லை. அதற்கென்று யாராவது தனியாகக் காசு கட்டச் சொன்னால், 'இந்த ரிசல்ட் வந்தால் மருந்து மாறுமா?' என்று கேளுங்கள். 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று விளம்பரத்தில் வருவதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இனி சொல்வது, இந்தத் தலைப்பை புராஜெக்ட்டுக்கு எடுக்கும் பிள்ளைகளுக்கு. 'சிடி133 பாசிட்டிவ் என்றால் ஸ்டெம் செல்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அதற்குக் காரணம் 2007. அந்த ஆண்டு நேச்சர் இதழில் கனடாக் குழு ஒன்றும் இத்தாலிக் குழு ஒன்றும் கட்டியைத் தொடங்குவது சிடி133 உள்ள செல்களே என்று தனித்தனியாக எழுதின. கனடாக் கணக்குப்படி, பிரிக்காத கட்டியில் ஏறத்தாழ 57,000 செல்லுக்கு ஒன்றுதான் எலியின் உடம்பில் புதுக் கட்டியைத் தொடங்கியது. சிடி133 உள்ளவற்றை மட்டும் பிரித்து எடுத்தால் 262-க்கு ஒன்று. எல்லோரும் வியந்தது அந்த ஒன்றைப் பார்த்து. மிச்சம் 261 செல்களும் அதே சிடி133-ஐத்தானே போட்டுக்கொண்டிருந்தன?

மூலக்கொத்தளம் சிக்னலில் காக்கிச் சட்டை போட்டு நிற்பவரெல்லாம் ஆட்டோக்காரர் ஆகிவிடுவாரா? ஆட்டோக்காரரும் வீட்டுக்குப் போனால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். 2008-இல் வேறொரு குழு, சாதாரணக் குடல் செல்களிலும் சிடி133 பரவலாக இருப்பதையும், பரவிய குடல் புற்றில் சிடி133 இல்லாத செல்களும் எலியில் கட்டி வளர்ப்பதையும் காட்டியது. 2007-ஐ மட்டும் மேற்கோள் காட்டி, 2008-ஐ விட்டுவிடும் அறிக்கையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

லேபுக்குள் நடக்கும் தவறுகள் இன்னும் நுணுக்கமானவை. ஏசி133 என்ற ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம்) பிடிப்பது, சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டிய சிடி133-இன் ஒரு பகுதியை. செல் முதிரும்போது புரதம் அப்படியே இருக்க, அந்தப் பகுதி மட்டும் ஆன்டிபாடிக்கு அகப்படாமல் போகலாம். 'நெகட்டிவ்' என்று எழுதும் முன், எந்த ஆன்டிபாடி குளோன் (வகை) என்பதை எழுதுங்கள். கட்டியைத் தனித்தனிச் செல்லாகப் பிரிக்க டிரிப்சினில் (புரதத்தை வெட்டும் நொதி) அதிக நேரம் ஊறவைத்தால், மேற்பரப்புப் புரதங்களே அறுந்து போகும். வண்ணாரப்பேட்டையில் எடுத்த புதுப் புடவையை சோடா உப்பில் ராத்திரி முழுக்க ஊறவைத்துவிட்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்வது போலத்தான் அது. சிடி44 வெள்ளை அணுக்களிலும் உண்டு. வெள்ளை அணுக்களின் அடையாளமான சிடி45 வைத்து அவற்றை முதலில் ஒதுக்காவிட்டால், ரத்த அணுவைப் புற்று ஸ்டெம் செல் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தவறு எல்ஜிஆர்5 பற்றியது. 2007-இல் எலிக்குடலின் குழிகளுக்கு அடியில் இருக்கும் உண்மையான ஸ்டெம் செல்லுக்கு அடையாளமாக அது தெரியவந்தது. உடனே, 'எல்ஜிஆர்5 செல்களை அழித்தால் புற்று போச்சு' என்ற நம்பிக்கை. 2017-இல் எலிகளில் அதைச் செய்தே பார்த்தார்கள். குடலில் இருந்த மூலக்கட்டி சுருங்கவில்லை. அழிப்பதை நிறுத்தியதும், எல்ஜிஆர்5 இல்லாத செல்களிலிருந்தே எல்ஜிஆர்5 உள்ள செல்கள் மறுபடி முளைத்தன. ஆனால் கல்லீரலில் பரவிய கட்டியால் எல்ஜிஆர்5 உள்ள செல்கள் இல்லாமல் வளர முடியவில்லை. 2020-இல் இன்னொரு திருப்பம்: எலிகளில், கட்டியை விட்டு வெளியேறிப் புது இடத்தில் குடியேறியவை பெரும்பாலும் எல்ஜிஆர்5 இல்லாத செல்கள். போன இடத்தில்தான் அவற்றிலிருந்து எல்ஜிஆர்5 செல்கள் தோன்றின. அதனால், 'ஸ்டெம் செல்' என்பதைப் பிறவிச் சாதி போல எழுதாதீர்கள். செல் சில நேரம் ஏறி, சில நேரம் இறங்கும் நிலை அது.

அக்காவிடம் இதில் எதையும் சொல்லவில்லை. சிஇஏவில் ஒரு தாளை மட்டும் வைத்துப் பயப்படுவதும் தவறு, ஒரே லேபில் எடுத்த பழைய தாள்களையும் வரிசையாக வைத்து டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

"பழ்சு எல்லாம் ரேஷன் கார்டு கவர்லதான் கீது, எட்த்தாரேன்" என்று எழுந்து போனார்.