அசல் ஓவியங்களுக்கு இணையச் சந்தையைத் தேர்ந்த விதம்

என் அசல் ஓவியங்களை எந்த இணையச் சந்தையில் விற்பது என்ற குழப்பம், சந்தைகள் விற்பனையில் பிடித்துக்கொள்ளும் கழிவு (கமிஷன்) விகிதங்களை மட்டும் ஒப்பிட்டவரை தீரவில்லை. கலைப்படைப்புகளுக்கான இணையச் சந்தையான சாச்சி ஆர்ட் விற்பனை விலையில் 40 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கைவினைப் பொருள்களும் விற்கும் சந்தையான எட்சியோ 2022 முதல் 6.5 சதவீதமே பெற்றாலும், படைப்பைத் தளத்தில் இடுவதற்கான பட்டியல் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம் ஆகியவற்றோடு, அவற்றைவிடப் பெரிய சுமையான வாங்குபவரைத் தேடும் வேலையையும் பெரும்பாலும் ஓவியரிடமே விட்டுவிடுகிறது. ஆகவே, ஒவ்வோர் ஓவியத்துக்கும் என் கைக்கு வரவேண்டிய தொகையை முதலில் எழுதி, அதை 0.6ஆல் வகுத்து விலை வைத்தேன். 40 சதவீதக் கழிவை ஈடுகட்ட 40 சதவீதம் கூட்டினால் போதாது, ஏறத்தாழ 67 சதவீதம் கூட்ட வேண்டும். ஒரே அளவுள்ள படைப்புகள் இடத்துக்கு இடம் வேறு விலையில் தெரிந்தால் வாங்குபவர் ஐயுறுவார் என்பதால், எட்சியிலும் அதே விலைதான். இப்போது பெரிய கித்தான்களைச் சாச்சியிலும் சிறிய தாள் ஓவியங்களை எட்சியிலும் இடுகிறேன்.