கப்பல் தச்சரின் உயிலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆங்கிலேயக் கப்பல்களில் போன தச்சர்களும் பீப்பாய் செய்பவர்களும் பாய் தைப்பவர்களும் பயணத்துக்கு முன் உயில் எழுதிவைப்பது வழக்கம். அந்த உயில்களைப் படிக்கப் புதிதாக வருகிறவர்கள், ஒரு காலத்தில் நான் விழுந்த அதே குழிகளில் விழுவதைப் பார்க்கிறேன். எழுத்து புரியாதது, லத்தீன் வரியில் தடுமாறுவது எல்லாம் பழகினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"அன்பு நண்பர்" என்றதும் உருகிவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் கிளம்பிய ஒரு தச்சர், வரவேண்டிய சம்பளம் உட்பட எல்லாவற்றையும் லண்டன் துறைமுகப் பகுதியான வாப்பிங்கில் இருந்த ஒரு பெண்ணுக்கு எழுதியிருந்தார். "என் அன்புக்குரிய நண்பர்" என்றிருந்தது. மனைவி பற்றிப் பேச்சே இல்லை. கட்டிக்கொள்ள இருந்த பெண் என்று நானே முடிவு செய்து, தச்சர் வழியில் வந்த குடும்பத்துக்கு வம்ச வரைபடமும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அதே பகுதிப் பீப்பாய்க்காரர் ஒருவரின் உயிலில் அதே பெண். அப்புறம் ஒரு பீரங்கிக்காரரின் உயிலிலும். எல்லோருக்கும் அவர் "அன்புக்குரிய நண்பர்"தான். மாலுமிகள் தங்கும் மதுக்கடை நடத்தியவர் அவர்.

கரையில் இருக்கும் நாட்களில் மாலுமிக்குச் சம்பளம் கிடையாது. தங்கல், சாப்பாடு, குடி எல்லாம் கடன். அந்தக் கடனுக்கு ஈடுதான் உயில்: திரும்பி வந்தால் அடைப்பார், கடலில் இறந்துவிட்டால் பாக்கிச் சம்பளத்தைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். சம்பளம் வாங்கும் பவர் பத்திரமும் பல நேரம் அதே தாளில் இருக்கும். கடற்படை மாலுமிகளுக்கு இப்படி ஒரே தாளில் இரண்டும் இருந்தால் உயில் செல்லாது என்று 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாடாளுமன்றமே சட்டம் போட்டது.

என் தச்சருக்கு ஊரில் மனைவி இருந்தார். திருமணப் பதிவேட்டில் பெயர் இருந்தும் நான் தேடவில்லை. அந்த மனைவியை ஆறு மாதம் வரைபடத்திலிருந்தே அழித்து வைத்திருந்தேன். அதனால் உயிலை நிறைவேற்றச் சொல்லப்பட்டவர் என்ன தொழில் செய்தார் என்று முதலில் பாருங்கள். சாட்சிகளையும் பாருங்கள். அதே பெயர் அக்கம்பக்கத்து உயில்களில் வருகிறதா என்று தேடுங்கள். அட்டவணையில் இறந்தவர் பெயர்தான் இருக்கும், ஆகவே ஒவ்வொன்றாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

"நிலங்கள், வீடுகள்"

உயிலில் இப்படி இருப்பதால் தச்சருக்குச் சொத்து இருந்தது என்று நினைக்காதீர்கள். அச்சுப் படிவத்தின் சொற்கள் அவை. தச்சர் தன் வாயால் சொன்னது கருவிப் பெட்டி யாருக்கு என்ற வரியில் இருக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரையான தேதிகள்

1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. உயிலில் 1702 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1703.

கையெழுத்தை வைத்து ஆளை எடைபோடுவது

உயில்களை ஏற்றுப் பதிந்த கேன்டர்பரி பேராயர் நீதிமன்றப் பதிவேட்டில் இருப்பது எழுத்தர் எடுத்த நகல், தச்சரின் கையெழுத்து அல்ல.

உயில் தேதியை மரணத் தேதியாக எழுதுவது

வேண்டாம்.

வாய்மொழி உயிலை ஒதுக்குவது

வாய்மொழி உயில்களுக்கு 1677-ல் கடுமையான சட்டம் வந்தது. ஆனால் போர்ப்பணியில் இருந்த படைவீரர்களுக்கும் கடலில் இருந்த மாலுமிகளுக்கும் பழைய சலுகை தொடர்ந்தது. காய்ச்சலில் கிடந்தவர் சொன்னதைக் கூட இருந்தவர்கள் ஊர் திரும்பியதும் சத்தியம் செய்து பதிவு செய்தார்கள். நான் படித்த ஒன்றில், பக்கத்துத் தொங்குபடுக்கைக்காரர் "உன் சாமான் எல்லாம் யாருக்கு?" என்று கேட்கிறார். தச்சர் மனைவியின் பெயரைச் சொல்கிறார், கொஞ்சம் பொறுத்து, இழைப்புளி மட்டும் பையனுக்கு என்கிறார்.