வட்டம் வரைய மூன்று லைப்ரரி

கல்லூரி லேபில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் எழுதிய வட்டம் வரையும் புரோகிராமை வீட்டு லினக்ஸில் ஓட்டினால், கிராபிக்ஸ் ஹெட்டர் ஃபைலே (வரையும் ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைல்) இல்லை என்றது லினக்ஸின் சி கம்பைலரான ஜிசிசி. அந்த ஹெட்டர் டாஸ் காலத்தில் டர்போ சி-யை வெளியிட்ட போர்லாண்ட் கம்பெனியின் சரக்கு, ஜிசிசியோடு வராது.

அப்புறம் எஸ்டிஎல் 2 என்ற லைப்ரரி, அதாவது ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு. கோடு, செவ்வகம் சரி. வட்டத்துக்கு நேரடி ஃபங்ஷன் கிடையாது, புள்ளி புள்ளியாக நாமே கணக்குப் போட வேண்டும். நல்ல பயிற்சிதான், ஆனால் மறுநாள் ரெக்கார்டு நோட்டு வைக்க வேண்டுமே!

கடைசியில் ரேலிப் என்ற இன்னொரு லைப்ரரி. வட்டத்துக்கு ஒரே வரி. அதிலும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ (கூப்பிட்ட ஃபங்ஷன் கிடைக்கவில்லை) என்று வரிசையாகப் பிழைகள். ஒரு மணி நேரம் புரோகிராமையே முறைத்துக்கொண்டிருந்தேன். தப்போ கம்பைல் செய்யும் கட்டளையில்: லைப்ரரி பெயரை சி ஃபைலுக்கு முன்னால் போட்டிருந்தேன். புரோகிராமையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்கர், கட்டளையில் இடமிருந்து வலமாகப் போகும். அதுவரை வந்த ஃபைல் எதுவும் கேட்காததை ஸ்டாட்டிக் லைப்ரரியிலிருந்து (புரோகிராமுக்குள்ளேயே சேர்க்கப்படும் வகை) எடுக்காது. லைப்ரரி பெயரைக் கடைசிக்கு மாற்றினேன். சிவப்பு வட்டம் வந்து நின்றது.