காட்டின் வயதையும் நிலத்தரத்தையும் கொண்டு கார்பனை மதிப்பிடும் முறை

ஒரு காட்டில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. ஆண்டுதோறும் எவ்வளவு சேர்கிறது என்பது வேறொரு கேள்வி. வேகமாக வளரும் இளங்காட்டில் வரவு அதிகமாகவும் இருப்பு குறைவாகவும் இருக்கும். முதிர்ந்த காட்டில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான நிலையே காணப்படும். எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வயதை அறிவதற்கு, நட்டு வளர்த்த காடாயின் நடவுப் பதிவேடே போதும். இயற்கைக் காட்டில் துளைக்கருவியால் தண்டிலிருந்து மெல்லிய மாதிரி எடுத்து, ஆண்டு வளையங்களை எண்ணலாம். மார்பு உயரத்தில் எடுத்த மாதிரியாயின், மரம் அந்த உயரத்தை எட்டுவதற்கு எடுத்துக்கொண்ட ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பருவ வேறுபாடு குறைந்த வெப்பமண்டலப் பகுதிகளில் பல மரங்களின் வளையங்களை நம்ப முடியாது. பல வயது மரங்கள் கலந்து நிற்கும் காட்டுக்கு ஒற்றை வயது என்பதே இல்லையாதலால், கடைசியாகத் தீயோ வெட்டோ புயலோ நேர்ந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைக் குறித்துக்கொள்வதே பொருத்தம்.

அடுத்தது நிலத்தரம், அதாவது மரத்தை வளர்க்க நிலத்துக்கு உள்ள திறன். இதை மரத்தின் பருமனைக் கொண்டு கணிக்கக் கூடாது. மரங்களின் நெருக்கமும், இடம் விடுவதற்காகச் சில மரங்களை அகற்றும் கலைப்பு வெட்டும் பருமனை எளிதில் மாற்றிவிடும். ஓங்கி வளர்ந்த மரங்களின் உயரமோ அவற்றால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. ஆகவே ஒரு குறித்த வயதில், பொதுவாக 25 அல்லது 50 ஆண்டுகளில், அம்மரங்கள் எட்டும் உயரமே நிலத்தரக் குறியீடாகக் கொள்ளப்படுகிறது. அதன் பின், மண்ணில் குழி தோண்டி, வேர் செல்லும் ஆழத்தையும் நீரைத் தேக்கும் திறனையும் பார்த்தால் உயரத்திற்கான காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். சரிவின் திசையையும் கவனிக்க வேண்டும்.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மரங்களின் தலைப்பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து விதானம் மூடும் காலத்தை ஒட்டி வளர்ச்சி உச்சத்தை அடைந்து, பின்னர் படிப்படியாகக் குறைகிறது. முதிரும் மரங்களின் சுவாசச் செலவு கூடுவதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உயரமான மரத்தின் உச்சி வரை நீர் ஏறுவதில் உள்ள தடையும், சத்துகள் சருகிலும் கட்டையிலும் முடங்கிக் கிடப்பதும் ஒளிச்சேர்க்கையையே குறைக்கின்றன என்ற விளக்கம் பிற்காலத்தில் வலுப்பெற்றது. வளமான நிலத்தில் இந்த உச்சம் விரைவில் வரும். வறண்ட, மெலிந்த நிலத்தில் தாமதமாகவும் தாழ்வாகவும் வரும். எனவே 20 வயதுள்ள இரண்டு காடுகளுள் ஒன்று உச்சத்தைத் தாண்டியிருக்கலாம், மற்றொன்று இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். ஒரே நிலத்தர வகுப்புக்குள் மட்டுமே வயதுகளை ஒப்பிட வேண்டும். மெலிந்த நிலத்தில் மரம் தன் விளைச்சலில் பெரிய பங்கை வேருக்குச் செலவிடுவதால், தரைக்கு மேலுள்ளதை மட்டும் அளப்பது அதன் மதிப்பைக் குறைத்துக் காட்டும்.

கணக்கிடும்போது, 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை எடுத்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். வெப்பமண்டல மரங்களுக்கு, மர அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, வந்ததை 0.976 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 0.0673 ஆல் பெருக்கும் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராம், விட்டம் 30 சென்டிமீட்டர், உயரம் 20 மீட்டர் எனில், தரைக்கு மேலுள்ள உலர் எடை ஏறத்தாழ 580 கிலோ. அதில் 0.47 பங்கு, அதாவது சுமார் 273 கிலோ, கார்பன்; கார்பன் டை ஆக்சைடுக்கும் கார்பனுக்கும் உள்ள எடை விகிதமான 44/12 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு.

மரத்தோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. வடதுருவத்தை ஒட்டிய ஊசியிலைக் காடுகளில் கார்பனின் பெரும்பகுதி மண்ணிலும், வெப்பமண்டலக் காடுகளில் பாதிக்கு மேல் உயிருள்ள மரங்களிலும் இருக்கிறது. வெட்டிய பின் முளைக்கும் இளங்காடு, எஞ்சிய கட்டைகளும் வேர்களும் மட்குவதால், சில ஆண்டுகள் வரை சேர்ப்பதைவிட அதிகமாக வெளியிடக்கூடும்.

வரவை அறிய அதே மரங்களை ஐந்தாண்டுகள் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். முதல் அளவீட்டின்போதே, நாடா சுற்றிய இடத்தில் வண்ணக் கோடு இட்டுவைக்க வேண்டும். கோடு சில சென்டிமீட்டர் தவறினாலும், அடி பருத்த மரங்களில் பொய்யான வளர்ச்சியோ தேய்வோ தென்படும். இடையில் மடிந்த மரங்களையும் அளப்பதற்கான குறைந்தபட்சப் பருமனைப் புதிதாக எட்டிய மரங்களையும் தனித்தனி வரிசையில் பதிய வேண்டும்.