கோஃபரையும் ஐஆர்சியையும் போனில் ஓட வைப்பது

பழைய நெறிமுறைகள், அதாவது கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகள், போனுக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அவற்றைத் திறந்தே பார்க்காதவர்கள். 1991-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான, பட்டியல் பட்டியலாகத் தேடி உரைகளைப் படிக்க உதவும் கோஃபரையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வரின் 70-ஆம் போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள இணைப்பு எண்) இணைப்பைத் திறக்க வேண்டும், வேண்டிய பக்கத்தின் முகவரியை ஒரு வரியாக அனுப்ப வேண்டும், வருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இதைவிடக் கனமான வேலையைப் போன் நொடிக்கு நூறு தடவை செய்கிறது. இடறுவது இரண்டு இடத்தில்தான்: திரையின் அகலம், அறுந்து அறுந்து போகும் இணைப்பு.

முதலில் கோஃபர். போனில் இருக்கும் உலாவியில் கோஃபர் முகவரியைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. ஃபயர்பாக்ஸ்கூட 2011-இல், நான்காம் பதிப்போடு, இதைக் கைவிட்டுவிட்டது. வெறுமனே படிக்க மட்டும் வேண்டுமென்றால் லாக்ரேஞ்ச் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கோஃபரும், அதைப் போலவே எளிய நெறிமுறைகளான ஜெமினி, ஃபிங்கரும் அதற்குத் தெரியும். எதையும் நிறுவ மனமில்லாதவர்களுக்கு ஃபுளட்கேப் தளத்தில் ஒரு வலைவாசல் இருக்கிறது. நீங்கள் கேட்கும் பக்கத்தை அது எடுத்து ஹெச்டிஎம்எல்லாக மாற்றித் தரும். நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பது அந்த வாசலை நடத்துபவருக்குத் தெரியும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

நான் எனக்கென்று சொந்தமாக ஒரு வாசல் வைத்திருக்கிறேன். வலைப்பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் தானாக 70-ஆம் போர்ட்டைத் திறக்க உலாவி விடாது. அதனால் நடுவில் ஒரு சர்வர் வேண்டும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. அது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து வகையைச் சொல்லும்: 0 என்றால் உரை, 1 என்றால் இன்னொரு பட்டியல், 7 என்றால் தேடல். மீதி, டேப் குறியால் பிரிந்த நான்கு துண்டுகள்: காட்ட வேண்டிய பெயர், முகவரி, சர்வர், போர்ட். இணைப்பை விரலால் தொடும்படி வரியை நன்றாக உயரமாக்குங்கள். பட்டியல் முடிந்ததற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரு புள்ளி வர வேண்டும் என்பது விதி. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், பல சர்வர்கள் அனுப்புவதில்லை. இணைப்பு மூடினால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அகலம். கோஃபர் உரைகளை எழுதுபவர்கள் வரிக்கு எழுபது எழுத்து அளவில் தாங்களே மடித்துவிடுவார்கள். நிமிர்த்திப் பிடித்த போனில் அதற்குப் பாதி கொள்வதே அதிகம். அப்படியே காட்டினால் ஒரு முழு வரி, அடுத்து இரண்டு சொல், மறுபடி ஒரு முழு வரி, மறுபடி இரண்டு சொல் என்று பல் போன வாய் மாதிரி இருக்கும். எழுத்தைச் சுருக்கினால் கண் போய்விடும். என் வாசல் செய்வது இது: வரி ஏறக்குறைய ஐம்பத்தைந்து எழுத்துக்கு மேல் நீண்டிருந்து, அடுத்த வரி இடைவெளி இல்லாமல் தொடங்கினால், இரண்டையும் ஒட்டிவிடும். வெற்று வரி வந்தால் புதிய பத்தி. வரிக்கு நடுவே மூன்று நான்கு இடைவெளிகள் சேர்ந்து வந்தாலோ, கோடுகளும் கூட்டல் குறிகளுமாக இருந்தாலோ, அது அட்டவணை அல்லது எழுத்தால் வரைந்த படம். அதைத் தொடாமல் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்க விட்டுவிடும். கவிதைதான் இதில் சில சமயம் மாட்டிக்கொள்ளும். அதற்காக மூலத்தை அப்படியே காட்ட மேலே ஒரு பொத்தான் வையுங்கள். எழுத்துப்படத்தைத் திரைவாசிப்பான் 'கோடு, கோடு, புள்ளி' என்று ஒவ்வொன்றாக ஒப்பிக்கும், கேட்பவருக்குப் பெரிய தண்டனை. அந்தப் பகுதியை வாசிப்பானுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு 'படம்' என்று ஒரு சொல் கொடுத்தால் போதும்.

வாசலை எல்லோருக்கும் திறந்து வைத்தால் கவனம் தேவை. உங்கள் உள் வலையமைப்பின் முகவரிகளை மறுத்துவிடுங்கள், 70 தவிர மற்ற போர்ட்டுகளையும் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது உங்கள் சர்வர் வழியாகவே உங்கள் மற்ற கணினிகளைத் தட்டிப் பார்ப்பார்கள்.

தொலைவில் உள்ள கணினியில் எழுத்து வழியே வேலை செய்யும் டெல்நெட்டுக்கு, ஆண்ட்ராய்டில் கட்டளைத் திரை தரும் டெர்மக்ஸ் செயலி போதும், போனைப் படுக்கைவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். ஒலியைக் குறைக்கும் பொத்தான் அங்கே கன்ட்ரோல் விசையாக வேலை செய்யும். டெல்நெட்டில் எல்லாமே மறைப்பின்றிப் போகும், அதனால் முக்கியமான கடவுச்சொல் எதையும் அதில் தட்டாதீர்கள்.

அப்புறம் ஐஆர்சி, பலர் ஒரே அறையில் எழுதிப் பேசும் அரட்டை நெறிமுறை. இங்கே அகலம் பிரச்சினையே இல்லை, இணைப்புதான் பிரச்சினை. 1988-இல் யார்க்கோ ஓய்க்காரினன் இதை எழுதியபோது இணைப்பு நிலையாக இருக்கும் என்பதே அடிப்படை. சர்வர் அவ்வப்போது 'பிங்' என்று கேட்கும், நாம் 'பாங்' என்று பதில் தர வேண்டும். ஆண்ட்ராய்டு 6 முதல் சும்மா கிடக்கும் போனைத் தூங்கவைக்கும் டோஸ் வசதி இருக்கிறது. தூங்கும் போன் பதில் சொல்லாது, சர்வர் உங்களை வெளியேற்றிவிடும். நீங்கள் இல்லாதபோது நடந்த பேச்சும் போச்சு. பேட்டரிச் சிக்கனத்திலிருந்து செயலிக்கு விலக்கு கொடுக்கலாம்தான். ஆனால் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது எப்படியும் அறும், பேட்டரியும் கரையும். என் கருத்தில் ஒழுங்கான வழி ஒன்றே: எப்போதும் விழித்திருக்கும் ஒரு கணினியில் இசட்என்சி அல்லது சோஜு போன்ற பவுன்சரை ஓட விடுவது. அது உங்கள் பெயரில் அரட்டை அறையில் உட்கார்ந்திருக்கும். போன் வந்து சேரும்போது விட்டுப்போனதை எடுத்துக் கொடுக்கும். சோஜு வைத்தால் போனில் கோகுமா செயலியைப் போடுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். இணைக்கும்போது பழைய 6667 வேண்டாம், மறைகுறியாக்கம் உள்ள 6697-ஐக் கொடுங்கள்.

தமிழில் அரட்டை அடிப்பவர்கள் கவனிக்க: ஐஆர்சி செய்தி ஒன்றுக்கு 512 பைட்தான் எல்லை, அதிலும் பெயர், அறை எல்லாம் கழிந்தது போகத்தான் மிச்சம். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் தமிழுக்குப் புள்ளியும் கொம்பும் சேர்த்து ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட். ஆகவே மூன்று நான்கு வரிக்கு மேல் ஒரே மூச்சில் எழுதினால் நடுவில் வெட்டுப்படலாம். நீண்ட செய்தியைத் தானே பிரித்து அனுப்பும் செயலியா என்று பாருங்கள். இல்லையென்றால் வாக்கியத்துக்கு வாக்கியம் அனுப்பு பொத்தானை அழுத்திவிடுங்கள்.