புளோக்குக்குக் கீழே ஐந்து நிமிடம்: நாய்க் கண்காட்சிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு

முதல் வேலை, நாய் வாங்காமல் இருப்பது.

உயர்நிலை ஒன்றில் நான் ரிங்குக்குள், அதாவது கண்காட்சியின் போட்டிக் களத்துக்குள், கூட்டிப்போன நாய் என்னுடையது இல்லை. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் நான்காம் மாடியில் இருந்த சீன அன்ட்டி வளர்த்த மினியேச்சர் ஷ்னாசர் அது. உப்பும் மிளகும் கலந்து தூவியது போன்ற நிறம். அதனால் நான் ‘மிளகு’ என்று கூப்பிடுவேன். அன்ட்டி வைத்த பெயர் வேறு. இரண்டு பெயருக்கும் வாலாட்டிக்கொண்டு வரும். அன்ட்டிக்கு முட்டிவலி, ஓட முடியாது. எனக்கு ஓட முடியும், ஆனால் நாய் இல்லை. இருவருக்கும் கணக்குச் சரியாகிவிட்டது.

உங்கள் பேட்டையிலும் அப்படி யாராவது இருப்பார்கள். வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் பொதுவாக ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். கோல்டன் ரெட்ரீவர், பீகிள், கோர்கி எல்லாம் அந்தப் பட்டியலில் கிடையாது. கோல்டன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதைவிட, தரைவீட்டில் கோல்டன் வளர்ப்பவருக்கு ஒத்தாசையாகப் போவது புத்திசாலித்தனம். குளிப்பாட்டுங்கள், சீவிவிடுங்கள், கண்காட்சி அன்று கூடையைத் தூக்குங்கள். நான் பாதிப் பாடத்தைக் கூடை தூக்கித்தான் படித்தேன்.

அம்மா அப்பாவிடம் பேசும்போது சொல்ல வேண்டிய ஒரு கணக்கு உண்டு. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. இன அமைப்புப் போட்டியில் பொதுவாகக் கருத்தடை செய்யாத நாய்களைத்தான் சேர்ப்பார்கள், ஏனென்றால் அடுத்த தலைமுறைக்கு எந்த நாய் தகுதி என்று பார்ப்பதுதான் அந்தப் போட்டியின் மூல நோக்கம். ஆக, ‘ஷோ நாய்’ என்று ஆசையாகச் சொல்லும்போதே செலவும் பொறுப்பும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும்.

சரி, இரண்டு போட்டிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன அமைப்புப் போட்டியில் நடுவர் பார்ப்பது நாயை: உயரம், பல், முடி, நடை. ஜூனியர் ஹேண்ட்லிங்கில், அதாவது இளையர்கள் நாயைக் காட்டும் போட்டியில், பார்ப்பது உங்களை. நாய் சாதாரணமாக இருக்கலாம், அதை எவ்வளவு நன்றாகக் காட்டுகிறீர்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். நாய்களை மாற்றிக்கொள்ளச் சொல்லும் நடுவர்கள்கூட உண்டு. வயது வரம்பு இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்காவில் 9 முதல் 18க்குள், பிரிட்டனில் இளையர் மன்றத்தில் 6 முதல் 24 வரை. இங்கே கண்காட்சி நடத்துவது சிங்கப்பூர் கென்னல் கிளப். ஒவ்வொரு கண்காட்சிக்கும் அறிவிப்பு வரும்போது வயதுப் பிரிவையும் விண்ணப்பக் கடைசித் தேதியையும் முதலில் படியுங்கள். கடைசித் தேதி கண்காட்சிக்கு வெகு முன்னாலேயே போய்விடும், அன்று காலையில் போய் நின்றால் வேடிக்கை மட்டும்தான் பார்க்கலாம்.

முதல் தடவை வேடிக்கைதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு ரிங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, நாயைப் பார்க்காமல், கயிறு பிடித்திருப்பவரின் கையை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். எந்தக் கை எப்போது மாறுகிறது, கயிற்றின் மிச்சத்தை எப்படி உள்ளங்கையில் சுருட்டி மறைக்கிறார்கள், தீனி எந்தப் பையிலிருந்து வருகிறது. இணையத்தில் அமெரிக்க வீடியோ பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே மினியேச்சர் ஷ்னாசர் டெரியர் குழுவில் ஓடும். இங்கே பின்பற்றும் எஃப்சிஐ (உலக நாய்க் கழகங்களின் கூட்டமைப்பு) முறையில் அது இரண்டாம் குழு. நான் தவறான குழுவுக்குக் காத்திருந்து மிளகின் முறையைக் கிட்டத்தட்டத் தவறவிட்டேன்.

இனி பயிற்சி. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நாய்க்கு அலுக்கும் முன்னால் நிறுத்திவிடுங்கள்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஓடு பதித்த தரை. அந்த ஓட்டுக் கோடுதான் எனக்கு வாத்தியார். கோட்டின் மேல் நாய், கோட்டுக்கு வலப்பக்கம் நான். நேராகப் போகிறோம் என்று நாம் நினைப்போம், கோடு உண்மையைச் சொல்லிவிடும். கயிறு தளர்ந்து இருக்க வேண்டும். நாய் இழுத்தால் நின்றுவிடுங்கள், திட்ட வேண்டாம். வேகம் எது என்று தெரிய, தங்கையிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முன்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்கால் ஒன்றும் சேர்ந்தே விழுந்தால் அதுதான் சரியான நடை. ஷ்னாசர் அளவு நாய்க்கு நீங்கள் ஓடவே வேண்டாம், பேருந்து வந்துவிட்டது ஆனால் ஓடினால் வெட்கம் என்கிற வேக நடை போதும்.

ரிங்கில் மாறாத சட்டம் ஒன்று: நடுவருக்கும் நாய்க்கும் இடையில் உங்கள் உடம்பு வரக்கூடாது. வட்டமாகச் சுற்றும்போது இடப்புறமாகத் திரும்பிக்கொண்டே போவோம், நாய் இடக்கையில், நடுவர் நடுவில். தொல்லையே இல்லை. முக்கோணமும் அப்படித்தான். ஆங்கில எல் எழுத்து வடிவத்தில் போகச் சொன்னால்தான் வேடிக்கை. நேரே போய் இடப்பக்கம் திரும்பி மூலைவரை போகும்வரை நாய் நடுவர் பக்கம் இருக்கும். அங்கிருந்து திரும்பும்போது நாய் உங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் திரும்பும் அந்த இடத்திலேயே கயிறு வலக்கைக்கு மாற வேண்டும். நாய் இல்லாமலேயே இதைப் பழகலாம். நான் துணிக்கடைப் பையில் கயிறு கட்டி இழுத்துப் பழகினேன். கீழே சதுரங்கம் விளையாடிய தாத்தாக்களுக்கு ஒரு மாதம் நல்ல பொழுதுபோக்கு.

அந்தத் தாத்தாக்களின் கல்மேசையில் நாயை ஏற்றாதீர்கள். நான் ஏற்றி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயம்தான், அங்கே அவர்கள் கோப்பி வைத்துக் குடிக்கிறார்கள். சிறிய இனங்களை நடுவர் மேசையில் வைத்துத்தான் தொட்டுப் பார்ப்பார், அதனால் உயரத்தில் நிற்கும் பழக்கம் அவசியம். வீட்டில் சலவை இயந்திரத்தின் மேல் ரப்பர் விரிப்புப் போட்டு நிறுத்துங்கள், கையை எடுக்காமல் பக்கத்திலேயே நில்லுங்கள். முன்கால் தோளுக்கு நேர்கீழே, பின்காலில் கணு முதல் பாதம் வரை தரைக்குச் செங்குத்தாக. காலைப் பிடித்து வைக்கும்போது பாதத்தைத் தொடாமல் முழங்கைப் பக்கம் பிடித்தால் நாய் உதறாது. அப்புறம் பல். உதட்டை மட்டும் விலக்கிக் காட்டுங்கள், மூக்கைப் பொத்திவிடாதீர்கள். ஷ்னாசருக்கு மேல்வரிசை கீழ்வரிசையை ஒட்டியபடி முன்னால் விழ வேண்டும், கத்தரிக்கோல் மாதிரி. வீட்டுக்கு வரும் அத்தை, மாமா எல்லாரையும் நடுவராக்கித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் பாட்டி மட்டும் கடைசிவரை ஒரு விரலால்தான் தொட்டார்.

தீனிக்குக் கோழி ஈரல். தேக்கா சந்தையில் வாங்கி, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து, மெல்லியதாக நறுக்கி மின்னடுப்பில் (oven) காயவைப்போம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. வெள்ளிக்கிழமை எங்கள் அடுப்பில் ஈரல் ஏறாது, ஆகவே வியாழன் இரவே முடித்துவிட வேண்டும். பச்சைப்பயறு அளவுத் துண்டு போதும். பெரிய துண்டு கொடுத்தால் நாய் மென்றுகொண்டே நிற்கும், நடுவர் காத்திருப்பார். ரிங்கில் தரையில் சிந்தாதீர்கள், பின்னால் வரும் நாய் அதை மோந்துகொண்டு நின்றுவிட்டால் அந்தப் பிள்ளையின் ஆட்டம் கெட்டது.

முடி பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். செல்லப்பிராணிக் கடையில் மெஷின் வைத்துச் சிரைத்தால் ஷ்னாசரின் முடி மெத்தென்று வளர்ந்து நிறம் வெளுத்துவிடும். கண்காட்சிக்கு முதுகு முடியை விரலால், முதிர்ந்த இழைகளை மட்டும், வளரும் திசையிலேயே பிடுங்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அன்ட்டி நாடகம் பார்த்துக்கொண்டே செய்வார், நான் இரண்டு வருடம் கழித்துத்தான் முதுகைத் தொட அனுமதி பெற்றேன். அதற்கு முன் தாடியைச் சீவுவது மட்டும்தான் என் இலாகா.

சத்தத்துக்குப் பழக்க சிங்கப்பூரைவிட நல்ல ஊர் இல்லை. சீனப் புத்தாண்டுக்குச் சிங்க நடன மேளம், தீபாவளிக்கு மத்தாப்பு, நடுவில் எப்போதும் ஏதாவது துளைபோடும் வேலை. தூரத்திலிருந்து தொடங்கி, நாய் தீனி சாப்பிடும் தூரத்திலேயே நில்லுங்கள். சாப்பிட மறுத்தால் அது பயந்திருக்கிறது என்று அர்த்தம், பின்வாங்குங்கள். மின்தூக்கியும் ஒரு பள்ளிக்கூடம்தான். பக்கத்துவீட்டு முஸ்லிம் குடும்பம் உள்ளே இருந்தால் நாங்கள் அடுத்ததற்குக் காத்திருப்போம். அந்த நேரத்தில் மிளகை அசையாமல் நிற்கவைப்பேன், ரிங்கில் வரிசையில் காத்திருப்பதற்கு அதே பயிற்சி. வெயிலில் வேண்டாம். புறங்கையை நடைபாதையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. சனிக்கிழமை காலை பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் நாய் ஓட்டத்திடலுக்குப் போவோம். பயிற்சிக்கு அல்ல, மற்ற நாய்களைப் பார்த்தும் கயிற்றோடு அமைதியாக வெளியே நிற்கப் பழகுவதற்கு.

கலப்பின நாய் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். கீழ்ப்படிதல் போட்டியும் தடைதாண்டும் அஜிலிட்டிப் போட்டியும் வம்சச் சான்றிதழைப் பார்த்து வருவதில்லை. சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று நாங்கள் கூப்பிடும் உள்ளூர்க் கலப்பின நாய்கள் சுரங்கக் குழாயில் பாய்வதைப் பார்த்தால் விசில் அடிக்கத் தோன்றும். ஒன்றே ஒன்று, எலும்பு முற்றும்வரை, ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுவரை, உயரத் தாண்டவிடாதீர்கள். அதுவரை தரையில் கிடக்கும் கம்பைத் தாண்டினால் போதும்.

உடை விஷயத்தில் என் முட்டாள்தனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் கண்காட்சிக்கு அம்மா தீபாவளிக்கு எடுத்த பஞ்சாபி உடையைப் போட்டுவிட்டார். குனிந்து காலைச் சரிசெய்யும்போது துப்பட்டா மிளகின் முகத்தில் விழுந்தது. அது துப்பட்டாவுக்குள்ளிருந்து தும்மியது. நடுவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. தொங்கும் துணி, கிலுங்கும் வளையல், வழுக்கும் செருப்பு எதுவும் வேண்டாம். பை வைத்த கால்சட்டை, ரப்பர் அடி போட்ட காலணி, நாயின் நிறத்தோடு கலந்துவிடாத சட்டை. மிளகு சாம்பல் நிறம், ஆகவே எனக்கு மெரூன்.

எம்ஆர்டியிலும் பேருந்திலும் செல்லநாய்க்கு இடமில்லை, வழிகாட்டி நாய்க்கு மட்டுமே. செல்லப்பிராணி வாடகை வண்டியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பிரிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும்படி. போனதும் நாயைப் புல்லுக்குக் கூட்டிப்போங்கள், எண் அட்டையை வாங்கிக் கையில் கட்டுங்கள், உங்கள் ரிங்கில் நடுவர் இன்று என்ன வடிவம் கேட்கிறார் என்று முந்தைய பிரிவிலேயே பார்த்துவையுங்கள். கேள்வியும் வரலாம்: இந்த இனம் எதற்காக உருவானது? ஜெர்மன் பண்ணைகளில் எலி பிடிக்க. தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அளக்காதீர்கள். வென்றவருக்குக் கைகொடுத்துவிட்டு, நடுவர் ஓய்வாக இருந்தால் என்ன திருத்த வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். என்னிடம் ஒரு நடுவர், ‘நாயைவிட என்னையே அதிகம் பார்க்கிறாய்’ என்றார்.

வீடு திரும்பியதும் நாய்க்குத் தண்ணீர் வைத்து, தாடியைத் துடைத்து, பத்திரமாக அன்ட்டியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உங்கள் சாப்பாடு. கால்சட்டைப் பையைத் திருப்பி உதறிவிட்டுத் துவைக்கப் போடுங்கள். ஒரு ஈரல் துண்டு மிச்சம் இருந்தாலும் காலைக்குள் எறும்பு அலமாரிக்கு வந்துவிடும்.