ஏற்காட்டில் இருந்து கோடிங் வேலை: கரண்டும் நெட்டும் போனாலும் நிற்காமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும்

ஏற்காட்டில் வீடு எடுத்து அங்கிருந்தே சாப்ட்வேர் வேலை பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் கரண்டும் நெட்டும் தினமும் ஒரு தடவை போகும் என்று வைத்துக்கொண்டு மேசையைப் போடுங்கள். போகாத நாள் வந்தால் சந்தோஷம். வேலை முழுக்க உங்கள் லேப்டாப்புக்குள் நடக்க வேண்டும், நெட் என்பது முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும்தான் என்று அமைத்துவிட்டால், சேர்வராயன் மலையில் எந்த மூலையில் இருந்தும் நிம்மதியாக வேலை செய்யலாம்.

ஏன் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காபித் தோட்டங்களுக்கு நடுவே கம்பி வருகிறது, தோட்டம் முழுக்க நிழலுக்கு வைத்த சில்வர் ஓக், காற்றடித்தால் கிளை முறிந்து கம்பிமேல் விழும். ஏப்ரல், மே மாதக் கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். வெளிநாட்டு டீம்களோடு ஆன்லைன் மீட்டிங் இருப்பதும் அதே நேரம்தான்: நம் ஊரில் மாலை 6.30 என்றால் அந்த மாதங்களில் லண்டனில் மதியம் 2, நம் 7.30 என்றால் நியூயார்க்கில் காலை 10. கீழே சேலத்தில் கதை வேறு, அங்கே மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்துவார்கள், ஆனால் அது பேப்பரில் முன்கூட்டியே வந்துவிடும், அந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம். மலையில் போவது சொல்லாமல் போவது.

சரி, முதலில் இன்வெர்ட்டர். எவ்வளவு லோடு தாங்கும் என்று கடைக்காரர் சொல்லும் வி.ஏ. எண்ணை விட பேட்டரிதான் முக்கியம். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட்-மணி, ஆனால் பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது, இன்வெர்ட்டரே கொஞ்சம் தின்னும், அதனால் 1,100 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். லேப்டாப் 50 வாட், 24 இன்ச் மானிட்டர் 25, ரவுட்டர் 10, எல்.இ.டி. விளக்கு 10. மொத்தம் 95 வாட், பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கீழே சேலத்தில் என்றால் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, பழைய சீலிங் ஃபேன் ஒன்றே 75 வாட், அது சேர்ந்தால் ஆறரை மணி நேரம்தான், 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் ஒன்பது மணி நேரத்தைத் தொடும். கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எடுபடாது, அது தனியாகவே 300 வாட் இழுக்கும். மலைக்கு லேப்டாப்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீடு பார்க்கும்போதே எலக்ட்ரீஷியனிடம் ஒன்று கேளுங்கள்: மேசை பக்கத்துப் பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? பல வீடுகளில் விளக்கும் ஃபேனும் மட்டும்தான் அந்த லைனில் இருக்கும், பிளக் இருக்காது. தனி வயர் இழுத்துத் தரச் சொல்லுங்கள். அதேபோல கீசரும் கெட்டிலும் தப்பித் தவறிக்கூட அந்த லைனில் இருக்கக் கூடாது, போட்டவுடன் ஓவர்லோடு என்று கத்தி எல்லாம் நின்றுவிடும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஒரு பக்கம் யு.பி.எஸ்., மறுபக்கம் ஈகோ அல்லது நார்மல் என்று போட்டிருக்கும். அதை யு.பி.எஸ். பக்கம் தள்ளி வையுங்கள். ஈகோவில் கரண்டுக்கும் பேட்டரிக்கும் மாறுகிற அந்தக் கண் சிமிட்டும் நேரம் கொஞ்சம் நீளம், ரவுட்டரும் டெஸ்க்டாப்பும் அதற்குள் அணைந்து மறுபடி எழுந்திருக்கும். பேட்டரி ஒரு தடவை நன்றாக இறங்கினால் முழுதாக ஏற பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும், அதனால் நேற்று ராத்திரி நெடுநேரம் கரண்ட் இல்லை என்றால் இன்றைக்கு மானிட்டரை அணைத்துவிட்டு லேப்டாப் திரையிலேயே ஓட்டுங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தாலும் ரவுட்டருக்கென்று ஒரு மினி யு.பி.எஸ். வாங்குங்கள். அடாப்டரைத் திருப்பி அவுட்புட் என்று போட்டிருப்பதைப் படியுங்கள், பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 அல்லது 2 ஆம்பியர். வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். இதன் முழு அருமை இடி இடிக்கும்போதுதான் தெரியும். மலையில் முதல் இடிச் சத்தம் கேட்டதும் லேப்டாப், மானிட்டர், மினி யு.பி.எஸ். எல்லாவற்றின் பிளக்கையும் சுவரில் இருந்து கையால் உருவிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் போதாது. லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் மினி யு.பி.எஸ்ஸில் ஓடும், வீட்டுக்குள் வருவது பைபர் என்றால் அது கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. சுவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் மழை நடுவே வேலை நடக்கும். ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் இருந்து வரும் பைபரோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய இரும்புக் கம்பி வரும், இழுவைத் தாங்குவதற்காக. அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டிக் கட்டிவிட வேண்டும், உள்ளே கொண்டுவரக் கூடாது. அப்புறம், சில இடங்களில் கம்பத்துப் பெட்டி வரைதான் பைபர், அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிள் இழுப்பார்கள். அது செம்பு. பக்கத்தில் எங்கே இடி விழுந்தாலும் லேன் போர்ட் கருகும் வாய்ப்பு உண்டு. கொஞ்சம் கூடச் செலவானாலும் பைபரையே உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள்.

கனெக்‌ஷன் வாங்கும்போது எல்லோரும் எத்தனை எம்.பி.பி.எஸ். என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: "அண்ணா, கரண்ட் போனா உங்க பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும்?" உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, தெருமுனையில் இருக்கும் அவர் பெட்டியில் பேட்டரி இல்லை என்றால் என்ன பயன்? நெட் நின்றால் ரவுட்டர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் வெளிச்சமே உங்கள் வீட்டுக்கு வரவில்லை, எங்கோ இழை அறுந்திருக்கிறது, கிளை விழுந்திருக்கும், இல்லை குரங்கு கேபிளில் தொங்கியிருக்கும். பான் (PON) விளக்கு பச்சையில் அசையாமல் நின்று, லாஸ் அணைந்திருந்தும் நெட் இல்லை என்றால் இழை நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கு மேலே எங்கோ. இந்த விளக்குகளை ஒரு போட்டோ எடுத்து கேபிள்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசுங்கள், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்ற சுற்று மிச்சமாகும், இழை ஒட்டும் மெஷினைக் கையோடு எடுத்துக்கொண்டே வருவார். கழன்று கிடக்கும் பைபர் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கரண்ட் புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். உங்கள் பகுதி லைன்மேனையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கொட்டும் மழையில் மரம் ஏறுபவர் அவர்தான், வழியில் பார்த்தால் நின்று ஒரு வார்த்தை பேசுங்கள்.

இரண்டாவது நெட்டாக மொபைல் டேட்டாதான் கைகொடுக்கும். ஏற்காட்டில் ஒரு வளைவுக்கு இந்தப் பக்கம் நாலு புள்ளி சிக்னல், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று இருக்கும், அதனால் மேசை எங்கே போடப் போகிறீர்களோ அதே இடத்தில் வைத்து, இரண்டு மூன்று கம்பெனி சிம்மையும் சாயங்காலத்தில் சோதித்துப் பாருங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் இன்னொரு தடவை பாருங்கள், ஊரே அப்போது மொபைல் டேட்டாவுக்கு மாறியிருக்கும், டவரும் பேட்டரியில் ஓடும். ஹாட்ஸ்பாட்டை விட யு.எஸ்.பி. வயரில் இணைப்பது நிலையாக இருக்கும். விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்டு என்று குறித்துவிடுங்கள், இல்லையென்றால் அப்டேட் வந்து அன்றைய டேட்டாவைக் குடித்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் காசு கொடுத்தால் முடிகிற விஷயம். என்னைக் கேட்டால் இதற்கு மேல் வருவதுதான் உயிர்நாடி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் கெர்னலுக்காக, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியை எழுதியபோது ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழு ரெபாசிட்டரியும், அதாவது கோடும் அதன் மொத்த வரலாறும், இருக்கும்படி எழுதினார். மாற்றத்தைப் பதியும் கமிட், தனிக் கிளை பிரிக்கும் பிராஞ்ச், பழையதைப் பார்க்கும் டிஃப், லாக், பிளேம் எதற்கும் நெட் வேண்டாம். சர்வரில் இருந்து எடுக்கும் ஃபெட்ச், புல், அங்கே அனுப்பும் புஷ் போன்ற சிலதுக்குத்தான் வேண்டும். ஆனாலும் நாள் முழுக்க எழுதிவிட்டுச் சாயங்காலம் ஒரே மூட்டையாகக் கமிட் பண்ணுகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. மலையில் அது ஆகாது. ஒரு ஃபங்ஷன் முடிந்து டெஸ்ட் ஓடினால் ஒரு கமிட். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது, அரைகுறையாக இருந்தாலும், உங்கள் சொந்தப் பிராஞ்சில் ஒரு புஷ். மேகம் கூடுவதற்கு முன்னால் உங்கள் வேலை மலையிறங்கிவிட்டது என்று இருக்க வேண்டும். விஎஸ் கோடில் ஆட்டோ சேவ் போட்டு வையுங்கள்.

அடுத்தது டிபெண்டன்சிகள், அதாவது நம் கோட் ஓடத் தேவைப்படும் வெளிப் பேக்கேஜ்கள். கோட் நம் கையில் இருந்தாலும் அதைப் புரோகிராமாக்கும் பில்ட் ஓட நெட் கேட்டால் என்ன செய்வது? காலையில் நெட் நன்றாக இருக்கும்போதே டாக்கர் இமேஜ்களை (புரோகிராமும் அது ஓடத் தேவையானதும் சேர்ந்த பொதிகளை) இழுத்து வையுங்கள், சிலது ஜி.பி. கணக்கில் இருக்கும், மொபைல் டேட்டாவில் அதைச் செய்யக் கூடாது. ஜாவாக்காரர்களுக்கு மேவனில் ஆஃப்லைன் என்றே ஒரு ஆப்ஷன் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் என்பிஎம்மிடம் ஏற்கெனவே இறக்கி வைத்த கேஷில் (cache) இருப்பதையே முதலில் எடு என்று சொல்லலாம், பைத்தான்காரர்கள் பிப் மூலம் பேக்கேஜ்களை ஒரு ஃபோல்டரில் இறக்கி வைக்கலாம். டேட்டாபேஸ் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடட்டும், போஸ்ட்கிரஸ் போதும். உங்கள் புரோகிராம் டேட்டா கேட்கும் வெளி ஏ.பி.ஐ.க்களுக்குப் பதிலாகப் போலிப் பதில் தரும் ஒரு சின்ன சர்வரை எழுதி வையுங்கள், இது டீம் முழுவதற்கும் உபயோகப்படும், டெஸ்ட்டும் வேகமாக ஓடும். டாக்குமெண்டேஷனை நெட் இல்லாமல் படிக்க ஜீல் (Zeal) இருக்கிறது, மேக் என்றால் டேஷ், பிரவுசரில் டெவ்டாக்ஸை ஆஃப்லைனாக வைத்துக்கொள்ளலாம். இணையதளங்களை ஆஃப்லைனில் படிக்க உதவும் கிவிக்ஸை (Kiwix) இறக்கினால், கோடிங் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பதில்களே வீட்டுக்குள் வந்துவிடும், ஃபைல் பெரியது, சேலத்துக்கு இறங்கும்போது அங்கே வைத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வாரத்தில் ஒரு நாள், வெயில் அடிக்கிற நல்ல நாளாகப் பார்த்து, வைஃபையை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். எது எது உடைகிறதோ எழுதி வைத்து, அன்றைக்கே சரிசெய்யுங்கள். யாரும் எதிர்பார்க்காத ஒன்று, லாகின் டோக்கனைப் புதுப்பிக்க நெட்டைத் தேடுகிற ஏதோ ஒரு லைப்ரரி, அங்கேதான் மாட்டும்.

சர்வரில் உள்ளே போய் வேலை செய்பவர்கள் டிமக்ஸ் (tmux) இல்லாமல் ஒரு கமாண்டும் அடிக்காதீர்கள். இங்கே இணைப்பு அறுந்தாலும் அங்கே ஓடிக்கொண்டிருப்பது நிற்காது, திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். சர்வரோடு இணைய மோஷும் (Mosh) போட்டுக்கொண்டால், பைபரில் இருந்து மொபைலுக்கு மாறி ஐ.பி. முகவரியே மாறினாலும் திரை அப்படியே இருக்கும், சர்வரில் 60000 முதல் 61000 வரையிலான யு.டி.பி. போர்ட்களைத் திறந்துவிட அட்மினிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் மாதிரி பாதியில் நின்றால் வினையாகிற வேலையை வீட்டு லேப்டாப்பில் இருந்து நேரடியாக ஓட்டவே கூடாது, சர்வர் பக்கத்திலேயே தானாக ஓடும் பைப்லைன் வழியாகத்தான். கம்பெனி ரிமோட் டெஸ்க்டாப்புக்குள் போய்த்தான் எல்லாமே செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பவர்களுக்கு மட்டும் என் யோசனை வேறு: கீழே சேலத்தில் அஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கம் வீடு எடுங்கள், மலைக்கு வார இறுதியில் வாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் நெட் வேண்டும் என்றால் மேலே உட்கார்ந்து தினமும் மனசு வெம்பும்.

டீமிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், மறைக்க இதில் ஒன்றும் இல்லை. ஐரோப்பிய டீம் என்றால் கோடை மாதங்களில் ஸ்டாண்டப் என்ற தினசரிக் குறு மீட்டிங்கை நம் மதியம் 1.30-க்குக் கேட்டுப் பாருங்கள், பாரிஸில் அப்போது காலை 10, மழைக்கு முன்னால் முடிந்துவிடும். மொபைலில் பேசும்போது வீடியோவை அணைத்துவிட்டால் குரல் தடுமாறாமல் போகும்.

வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் இந்த ஏற்பாடுகளை நம்பி மேலே இருக்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. தவறவே முடியாத ரிலீஸ் இருந்தால் முந்தின நாள் மதியத்துக்குள், பனிமூட்டம் இறங்கும் முன்பே, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, சேலத்தில் மாமா, சித்தி என்று யார் வீட்டிலாவது தங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் திரும்ப வந்ததும் உடனே எல்லாவற்றையும் சொருகாதீர்கள். முதல் சில நிமிடங்கள் வோல்டேஜ் ஏறி இறங்கும், இரண்டு தடவை வந்து வந்து போகவும் செய்யும். பத்து நிமிடம் நிலையாக நின்றபின் முதலில் இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள், அப்புறம் மினி யு.பி.எஸ்., லேப்டாப், கடைசியாக மானிட்டர். நெட் வந்தவுடன் ஃபெட்ச் பண்ணி, ரீபேஸ் பண்ணி (மற்றவர்கள் மாற்றத்தின் மேல் உங்கள் கமிட்களை அடுக்கி), புஷ் பண்ணிவிடுங்கள், டீம் மெசேஜ் வரும் ஸ்லாக்கைத் திறப்பது அதற்குப் பிறகுதான், ஏனென்றால் மெசேஜ்களைப் படித்து முடிப்பதற்குள் மறுபடி போனாலும் போகும்.